நாற்பத்தொரு அலறலும் ஒரு வாக்கியமும்

டப்பிங் கூடத்தில் நான் முப்பத்தொரு ஆண்டுகள் பதிவேடு எழுதினேன். அதன்படி அலறல் அக்கா குரல் கொடுத்த படங்கள் நூற்று அறுபத்து நான்கு. அவற்றில் அவர் பேசிய முழு வாக்கியம் ஒன்றே ஒன்று. அது எந்தத் திரையரங்கிலும் கேட்கவில்லை. கேட்காமல் போனதற்குக் காரணம் நான்.

என்னைவிட அவர் இருபத்திரண்டு வயது இளையவர். ஆனாலும் கூடத்தில் எல்லாருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. முதலில் அவர் வந்தது தொலைபேசி எடுக்கும் வேலைக்கு. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், ஜூலை 9, காலை 10.50 மணிக்கு நடைவழியில் ஓர் எலி அவர் செருப்பின்மேல் ஏறியது. அதே நேரத்தில் உள்ளே ஒரு பேய்ப் படத்துக்காக ஒரு நடிகை பதினாறாவது முறையாகக் கத்திக்கொண்டிருந்தார். ஒன்றும் தேறவில்லை. கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. ஒலிப்பதிவாளர் வெளியே ஓடிவந்தார்.

"யாரு கத்துனது?"

"நான்தான் சார். மன்னிச்சிருங்க. எலி..."

"எலிய விடுங்க. உள்ள வந்து அதே மாதிரி இன்னொரு தடவ கத்துங்க."

அன்றிலிருந்து அவருக்குத் தொலைபேசி எடுக்க நேரமில்லை. பாம்பு கடித்தால் அவர், மாடியிலிருந்து விழுந்தால் அவர், பிரசவ வலி என்றால் அவர். பேசும் பகுதிக்கு வேறு ஆள் உண்டு. கதாநாயகிகளின் வசனத்தை இன்னொரு பெண்மணி குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பேசுவார். வலி வரும் இடத்தில் அவர் எழுந்து போய்விடுவார், அக்கா வந்து நிற்பார்.

வீட்டில் பயிற்சி செய்ய வழியில்லை. ஒருமுறை முயன்றபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் மூவர் கதவை உடைத்து உள்ளே வந்து, அக்காவின் கணவர் சட்டையைப் பிடித்தார்கள். அவர் கையில் இருந்ததோ பாதி உரித்த வெங்காயம். அவர் லிஃப்ட் மெக்கானிக். அதற்குப் பிறகு, பழுதுபார்க்க நிறுத்திய லிஃப்ட் எங்காவது இருந்தால் மனைவியை அழைத்துப்போய் உள்ளே விட்டு, இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்திவிடுவார். அக்கா அங்கே கத்திப் பழகினார்.

மகளுக்கு ஏழு வயதானபோது ஒரு படத்துக்குக் கூட்டிப்போனார். நடந்ததை அவர் என்னிடம் நான்கு முறை சொல்லியிருக்கிறார்.

"அம்மா, இதுல நீ யாரு?"

"இப்ப பாம்பு கடிச்சுதே, அந்தப் பொண்ணு."

"அவ பேசினாளே, அது?"

"அது வேற ஆன்ட்டி."

"அப்ப அவளுக்கு வலிச்சா மட்டும்தான் நீயா?"

முதல் மூன்று முறை இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான்காம் முறை சொன்னது இந்த ஆண்டு பிப்ரவரி 24, திங்கட்கிழமை. அன்று சிரிக்கவில்லை. அதற்கு நான்கு நாள் முன்பு தொண்டை மருத்துவர் அவருடைய குரல்நாணில் ஒரு கட்டியைக் கண்டிருந்தார். அறுவை சிகிச்சை மார்ச் 17 என்று நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை கத்தக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. அதன்பின் பழைய குரல் வருமா என்று கேட்டதற்கு மருத்துவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "வந்தா நல்லதும்மா" என்றாராம்.

இரண்டு நாள் கழித்து டைனோசர் படத்தின் இரண்டாம் பாகம் மொழிமாற்றத்துக்கு வந்தது. முதல் பாகத்திலும் அக்கா இருந்தார்: பன்னிரண்டு அலறல்கள். அதில் கதாநாயகி ஒரு விலங்கு மருத்துவர், கெட்டிக்காரி. காலடித் தடத்தைப் பார்த்தே மிருகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்வாள். அவளுக்கு நூற்றுப் பதினெட்டு வசனங்கள், எல்லாம் குளிரறைப் பெண்மணி பேசியவை. இப்போது மேலிடத்திலிருந்து, அதாவது படத்தை வாங்கி வெளியிடும் அலுவலகத்திலிருந்து, "டாக்டர் பாத்திரம் முழுக்க அலறல் அக்காவே செய்யட்டும்" என்று தகவல்.

"முழுக்கன்னா பேசறதும்தானே ஐயா?" என்று என்னிடம் இருமுறை கேட்டார்.

"அப்படித்தான் எழுதியிருக்கு."

அவர் கணவர் கூடத்துக்கே வந்து மன்றாடினார். "ஆபரேஷனுக்கு முன்னாடி கத்தாதேன்னு டாக்டர் தலையில அடிச்சு சொல்லியிருக்காரு. அந்த டைனோசரு உன்னைத் தின்னாம விடாது."

"திங்கட்டும். அதுக்கு முன்னாடி நாலு வார்த்த பேசிட்டு சாவறேன்," என்றார் அக்கா. மகள் வெளியூரில் வேலையில் இருந்தாள். அவளுக்குச் செய்தி அனுப்பினார்: 'இந்தத் தடவ வலி மட்டும் இல்ல. படம் வரட்டும்.'

மார்ச் 4, செவ்வாய், காலை 9.15. வசனம் எழுதுபவர் தாள்களைக் கொடுத்தார். அக்கா தன் தாளைப் படித்தார். ஒரு பக்கம்தான். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெள்ளை.

"மீதி எங்க தம்பி?"

"அவ்வளவுதான்க்கா."

'ஓடு!', 'ஐயோ!', 'அங்க!', 'வேணாம்!', 'சீக்கிரம்!', இன்னொரு 'ஓடு!'. இந்த ஆறும் தவிர, அலறல் நாற்பத்தொன்று. ஏன் முழுப் பாத்திரத்தையும் அவரிடம் கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

"முதல் பாகத்துல மூளையா இருந்தவ, இதுல வெறும் காலா ஆயிட்டா," என்றார் வசனக்காரர். "அவ மட்டும் இல்லக்கா, இதுல யாருக்குமே ஆள்னு சொல்ற அளவுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. அந்த மிருகத்துக்குத்தான் கொஞ்சமாவது குணம் இருக்கு."

கதையிலும் ஓட்டை. ஆற்றில் விழுந்து அடித்துச் செல்லப்பட்ட தொலைபேசி குகையில் மணியடிக்கிறது. கடிபட்டுச் செத்த கிழவர் கடைசியில் ஹெலிகாப்டரில் ஏறுகிறார். டாக்டருக்கு முதல் பாகத்தில் ஒரு தம்பி இருந்தான், இதில் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரியது கூண்டு. மூன்று பூட்டுப் போட்ட இரும்புக் கூண்டு காலையில் திறந்து கிடக்கிறது. குட்டி டைனோசரைக் காணோம். யார் திறந்தது என்று படம் முடியும்வரை ஒருவரும் சொல்வதில்லை. அந்த இரவுக்குப் பிறகு தாய் டைனோசர் எல்லாரையும் மிதிக்கிறது, டாக்டரை மட்டும் முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது. அது ஏன் என்றும் தெரியாது.

எங்கள் வேலையில் ஓட்டை அடைக்க ஒரு வழி உண்டு. பாத்திரம் திரும்பி நின்றால் வாய் தெரியாது. அந்த இடத்தில் எந்த வசனமும் பொருந்தும். அதை 'முதுகு வசனம்' என்போம். படத்தில் இல்லாமல் நாங்கள் சேர்த்த ஒவ்வொரு முதுகு வசனத்தையும் ஒரு மாற்றப் பட்டியலில் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். கூடத்தின் அன்றாடப் பதிவேடு வேறு, அது எங்களிடமே இருக்கும். இரண்டையும் எழுதுவது என் வேலை.

அக்கா முதுகு தேட ஆரம்பித்தார். செவ்வாய் பன்னிரண்டு அலறல், புதன் பதினான்கு. இடைவேளையில் எல்லாரும் வெளியே போனால், அவர் திரைமுன் உட்கார்ந்து படத்தை முன்னும் பின்னும் ஓட்டினார். டாக்டரின் முதுகு பல இடங்களில் தெரிந்தது. எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க ஓடுகிறவள் வாக்கியம் பேச முடியாது.

"ஓடாம ஒரு நிமிஷம் நில்லேன்டி," என்று திரையிடம் சொன்னார். குரல் அப்போதே அரைக் குரல்தான்.

வியாழன், மார்ச் 6, காலை 11.20. முப்பத்துமூன்றாவது அலறல் முடிந்து கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். அதில் மிளகளவு சிவப்பு இருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்து, அதை மடித்துக்கொண்டார். பிறகு வசனக்காரரைக் கூப்பிட்டு நான்காம் ரீலைப் போடச் சொன்னார்.

திறந்த கூண்டு. அதன்முன் டாக்டர் திரும்பி நிற்கிறாள். பின்னால் ஆட்கள் "யார் திறந்தது?" என்று கத்துகிறார்கள். பதில் இல்லை. நாலரை விநாடி. அடுத்து காடு.

"தம்பி, இங்க என் முதுகு சும்மாதானே நிக்குது?"

வசனக்காரர் அந்த நாலரை விநாடியை மறுபடி ஓட்டிப் பார்த்தார். "அவதான் திறந்தான்னு வைக்கலாம்க்கா," என்றார் மெதுவாக. "அப்ப தாய் ஏன் அவள விட்டுச்சுன்னும் தெரிஞ்சுரும். ஒரே கல்லுல ரெண்டு ஓட்ட!" தாளின் ஓரத்தில் எழுதினார்: 'நான்தான் திறந்தேன், குட்டி உள்ள அழுதுக்கிட்டே இருந்துச்சு.' கடிகாரம் பிடித்துப் படித்தார். நாலு விநாடி.

"இப்பவே எடுத்துருவோம்," என்று எழுந்தார் அக்கா.

ஒலிப்பதிவாளர் மறுத்துத் தலையசைத்தார். "இன்னும் எட்டு அலறல் பாக்கி இருக்குக்கா. ஒரு மணிக்கு ஹால விட்டுத் தரணும். மேலிடத்துக்கு அலறல் குறைஞ்சா படமே போகாது. அத முடிங்க, நேரம் மிஞ்சினா இது."

"தொண்ட மிஞ்சணுமே தம்பி."

ஒலிப்பதிவாளர் அடுத்த அலறலின் காட்சியைப் போட்டார். அவர் எட்டையும் அலறினார். எதையும் குறைத்துக் கத்தவில்லை, குறைத்தால் இன்னொரு முறை எடுக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். நாற்பத்தொன்று முடிந்தபோது மணி 12.41.

12.44, முதல் முறை. உதடு அசைந்தது, ஒலி இல்லை. 12.49, இரண்டாம் முறை. 'குட்டி' என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றது. அக்கா இரண்டு கையாலும் ஒலிவாங்கியின் தண்டைப் பிடித்துக்கொண்டார். ஒலிப்பதிவாளர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். 12.53, மூன்றாம் முறை.

முழுதாக வந்தது. கிழிந்த துணி மாதிரி குரல். இரவெல்லாம் காட்டில் கத்தி ஓடிய ஒருத்தி அப்படித்தான் பேசுவாள். மூன்று நாளாக அந்தப் படத்தில் நாங்கள் பார்த்த ஒரே மனுஷி அவள்தான் என்று வசனக்காரர் சொன்னார்.

அக்கா என் மேசைக்கு வந்தார். விரலால் பதிவேட்டைத் தட்டினார். நான் அவர் கண்முன் எழுதினேன்: 'ரீல் 4. முதுகு வசனம். மூன்றாம் முறை. நான்கு விநாடி. நன்று.' அதை இருமுறை படித்துவிட்டுப் போனார்.

ஒலிப்பதிவாளர் போகும்போது சொன்னார். "ஐயா, உங்க நோட்டுல எழுதுனது சரி. மேலிடத்துப் பட்டியல்ல இதப் போடாதீங்க. அவங்க முழுப் படத்தையும் கேக்கறதில்ல. பட்டியல்ல இருக்கற எடத்த மட்டும்தான் ஓட்டிப் பாப்பாங்க."

எனக்கு அது தெரியும். ஆனாலும் மாலை 4.10 மணிக்குப் பட்டியலில் ஒன்பதாவது வரியாக அதை எழுதி அனுப்பினேன். முப்பத்தொரு ஆண்டில் ஒரு வரியையும் நான் விட்டதில்லை. வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இன்றுவரை தேடுகிறேன்.

மார்ச் 11, பதில் வந்தது. 'வரிசை எண் 9: மூலத்தில் இல்லை. குரலும் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை. நீக்கவும். அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு போதும்.'

நீக்கியதை வைத்திருக்க ஒப்பந்தம் இடம் தராது. ஒலிப்பதிவாளர் என் முன்னால் அழித்தார், என்னைப் பார்க்காமல். பெருமூச்சுக்கு அக்காவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது, பாத்திரம் அவருடையது. 13ஆம் தேதி வந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். 'பொருந்தவில்லை' என்ற சொல்லின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். நான் அனுப்பியதால் வந்தது இது என்று சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார், ஆமென்றா இல்லையென்றா தெரியவில்லை. உள்ளே போய் மூச்சு விட்டார். ஒரே முறையில் சரியாக இருந்தது. காலை 11.40. அதையும் எழுதினேன்.

17ஆம் தேதி அறுவை நடந்தது. குரல் வரவில்லை. தொண்டையில் காற்று போய்வரும் ஓசை மட்டும்.

படம் மே மாதம் வந்தது. அறுவை முடிந்து நாற்பத்தெட்டாம் நாள், ஞாயிறு, பகல் 2.30 காட்சி. மகள் ஊரிலிருந்து வந்து டிக்கெட் எடுத்திருந்தாள். என்னையும் கூப்பிட்டார்கள். வாக்கியம் நீக்கப்பட்டதை அக்கா அவளுக்கு எழுதிக் காட்டவே இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் நடுவில், மகள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மகள் ஒவ்வொரு காட்சியிலும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதுவாம்மா? இதுவா?" அக்கா இல்லை இல்லை என்று தலையசைத்துக்கொண்டே இருந்தார்.

கூண்டு வந்தது. முதுகு வந்தது. "யார் திறந்தது?" என்று கத்தினார்கள். ஒரு பெருமூச்சு. காடு.

எங்கள் பின்வரிசையில் ஒருவன் வாய்விட்டுக் கேட்டான். "அட, யாருதான்டா தொறந்தது?"

"டைரக்டரோட மாமனாரா இருக்கும்," என்றான் அவன் நண்பன். அந்த வரிசையே சிரித்தது.

நான் திரும்பினேன். "டாக்டர்தான் தொறந்தாங்க. குட்டி உள்ள அழுதுக்கிட்டே இருந்துச்சு."

"உங்களுக்கு யாரு பெரியவரே சொன்னது?"

"அவங்களே சொன்னாங்க. மார்ச் ஆறாந் தேதி, பன்னெண்டு அம்பத்திமூணுக்கு."

"சரியாப் போச்சு," என்றான் அவன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

மகள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். அக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அந்த அசைவு நாலு விநாடி நீடித்தது. மகள் கையை நீட்டி அம்மாவின் கழுத்தில் வைத்தாள், உள்ளே ஏதாவது அதிர்கிறதா என்று பார்ப்பதுபோல.

திரையில் இருபத்துநான்காவது அலறல் தொடங்கியது. அதை மேலிடம் தொடவில்லை, முழுதாக இருந்தது. மகள் கையை எடுக்கவில்லை.