கல்முனை வெயிலில் ஒரு பியோனி

லண்டனில் இருக்கும் தங்கச்சி போன முறை வந்தபோது பியோனிப் பூச்செடியின் கிழங்கு ஒன்று கொண்டுவந்து தந்தாள். "ராத்தா, உங்கட வாசலிலயும் என்ட வாசலிலயும் ஒரே பூ பூக்கணும்" என்றாள்.

வேப்பமர நிழலில் நட்டேன். இலை விட்டது. மொட்டு மட்டும் வரவேயில்லை.

ஃபேஸ்புக் தோட்டக் குழுவில் படம் போட்டுக் கேட்டேன். "வெயில் போதாது. நாள் முழுக்க வெயில் படுற இடத்துக்கு மாத்துங்க" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். நம்பி, வெட்டவெளியில் மாற்றி நட்டேன்.

இன்று காலையில் பார்த்தால் இலையெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. தண்டும் கருகிவிட்டது.

கோபம் தாங்காமல் அவருக்கே எழுதினேன். "நீங்க எந்த ஊர்?"

"கனடா. நீங்க?"

"கல்முனை."

"அங்க அது பூக்காதே. அதுக்குப் பனிக்குளிர் வேணும்."

ஊரை முதலிலேயே கேட்டிருந்தால் என்ன?

"மண்ணோட தூக்கி ஃபிரிஜ்ஜுக்குள்ள வைப்பமா?" என்கிறார் என் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் தங்கச்சி வீடியோவில் வந்தாள். செடியைக் காட்டினேன். "பரவாயில்ல ராத்தா, அழாதீங்க" என்றாள். அழுதுகொண்டிருந்தது அவள்தான்.

இந்தப் பதிவின் கீழே ஆலோசனை சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து முதலில் உங்கள் ஊரை எழுதுங்கள். பூவைப் பற்றிப் பிறகு கதைப்போம்.