சுன்னாகத்து நூதனசாலையில் ஒரு பெயர்

கனகலிங்கத்தை நான் முதன்முதலில் நெருங்கிப் பார்த்தது 1937ஆம் ஆண்டு வைகாசி மாதம். எங்கள் வாசிகசாலையின் பின்கூடத்தில் நாங்கள் புதிதாகத் திறந்திருந்த சிறிய நூதனசாலைக்கு அவர் தனியாக வந்திருந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணாடி அலுமாரியின் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் அப்போது சுன்னாகத்தில் பள்ளிக்கூட ஆசிரியன். வாசிகசாலையின் செயலாளர் வேலையும் என் தலையில்தான் இருந்தது. அந்த அலுமாரிக்குள் இருந்த குறிப்பை எழுதியவனும் நான்தான். அதனால் அவர் அவ்வளவு நேரம் நின்றது எனக்குப் பெருமையாக இருந்தது.

நூதனசாலை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரே ஒரு கூடம். இடப்பக்கம் ஊரின் வரலாறு. சந்தையில் முன்பு புழங்கிய படிக்கற்கள், ஒல்லாந்தர் காலத்து ஓடுகள் நாலு, முதல் ரயில் வந்த நாளில் எடுத்த படம், பல வீடுகளிலிருந்து சேர்த்த பழைய பஞ்சாங்கக் கட்டுகள். வலப்பக்கம் முழுவதும் தங்கச் சுரங்கம். யாழ்ப்பாணத்து மண்ணுக்குள் தங்கம் ஏது என்று வந்தவர்கள் கேட்பார்கள். சுரங்கம் இருந்தது மலாயாவில், பகாங் மலைகளுக்குள். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் முப்பது பேருக்கு மேல் அங்கே வேலைக்குப் போயிருந்தார்கள். சுன்னாகத்திலும் இணுவிலிலும் எழும்பிய கல்வீடுகள் பல அந்தச் சம்பளத்தில் எழும்பியவை. அந்த வரலாறும் ஊர் வரலாறுதான் என்று சொல்லி, தான் கொண்டுவந்த பொருட்களை எங்களிடம் தந்தவர் சாவகச்சேரி ஆழ்வாப்பிள்ளை. அவரும் அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர். காபைட் விளக்கு ஒன்று, கடுகளவு மஞ்சள் மின்னும் வெள்ளைக் கல் ஒன்று, எண் பொறித்த பித்தளைத் தகடுகள், எல்லோரும் வரிசையாக நிற்கும் ஒரு படம்.

படத்தின் கீழே நான் அழகாக எழுதியிருந்தேன்: "1924ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி சுரங்கத்தின் கூரை சரிந்து உள்ளே அகப்பட்டு உயிர்விட்ட எண்மருள் இணுவில் அருட்பிரகாசமும் ஒருவர். வயது இருபத்திரண்டு."

கனகலிங்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உதை ஆர் எழுதினது?"

"நான்தான் அண்ணை. விபரம் ஆழ்வாப்பிள்ளையர் சொன்னவர்."

"அருட்பிரகாசம் என்ரை மச்சான். என்ரை மனிசியின்ரை தம்பி." அட்டையை விரலால் காட்டினார். "மாஸ்டர், அந்தப் பேரை எடுத்துவிட ஏலாதோ?"

நான் திகைத்துவிட்டேன். குடும்பத்துக்குப் பெருமை என்றல்லவா நினைத்திருந்தேன்! ஏன் என்று கேட்டேன். வீட்டில் இன்னும் துக்கம் ஆறவில்லை என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதக் கூட்டத்தில் கதைத்துப் பார்க்கிறேன் என்றேன். உண்மையில் அந்த அட்டையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் கையெழுத்து அவ்வளவு நன்றாக விழுந்திருந்தது. அன்றைக்கே அதைக் கழற்றி மேசைக்குள் வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

கூட்டம் வருமுன்பே கனகலிங்கத்தின் மனைவி பூரணம் வந்துவிட்டார். இணுவில் கந்தசுவாமி கோயிலில் யாரோ ஒரு பெண், "உங்கடை தம்பியின்ரை படம் சுன்னாகத்திலை வைச்சிருக்கினம்" என்று சொல்லியிருக்கிறார். பூரணம் வீட்டுக்கு வந்து, தன்னை உடனே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கணவரைக் கேட்டார். மறுக்க ஒரு காரணமும் கனகலிங்கத்துக்குக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை இருவரும் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். பூரணம் கோயிலுக்குப் போகும் சேலை உடுத்தியிருந்தார். கனகலிங்கம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பூரணம் நேரே அலுமாரிக்குப் போகவில்லை. தம்பியை எல்லாவற்றுக்கும் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, ஓடுகளையும் படிக்கற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு வலப்பக்கம் திரும்பினார். படத்தில் நாற்பது முகங்கள் இருந்தன. ஒரு கணத்தில் விரல் வைத்துவிட்டார்.

"உவன்தான்! மீசை வைச்சிருக்கிறான், பாருங்கோ. எனக்கு எழுதவே இல்லை."

சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் கீழே இருந்த எழுத்தை வாசித்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், தட்டுத்தடுமாறாமல் வாசிப்பார். ஒருமுறை வாசித்தார். திரும்பவும், சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய, வாசித்தார்.

"இஞ்சாருங்கோ. காய்ச்சல் எண்டெல்லோ மலாயாவிலையிருந்து எழுதினனீங்கள்?"

கனகலிங்கம் வாசல் பக்கம் திரும்பினார்.

"ஒன்பது நாள் ஆசுப்பத்திரியிலை கிடந்து, நொவெம்பர் முதலாந் திகதி விடிய முடிஞ்சான் எண்டு எழுதினனீங்கள். உதிலை ஒக்டோபர் இருபத்திமூண்டு எண்டு கிடக்கு."

"பூரணம், வீட்டை போய்க் கதைப்பம்."

"இல்லை. எது சரி?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "உதுதான் சரி" என்றார்.

பூரணம் அழவில்லை. என் பக்கம் திரும்பி, இடப்பக்கம் வைத்திருக்கும் பஞ்சாங்கங்களில் இரத்தாட்சி வருடத்துப் பஞ்சாங்கம் இருக்கிறதா என்று கேட்டார். எதற்கென்று எனக்கு உடனே விளங்கவில்லை. கட்டை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தேன். ஐப்பசி மாதத்தை விரித்து, விரலால் வரிசை வரிசையாகத் தேடினார்.

"தேய்பிறைத் தசமி" என்றார். "நாங்கள் வளர்பிறைச் சதுர்த்தியிலை செய்துகொண்டு வந்தனாங்கள். பன்னிரண்டு திவசம். அம்மா தன்ரை கையாலை சமைச்சுப் படைச்சது. ஒருநாளும் அவனுக்குப் போய்ச் சேரேல்லை."

அவருடைய தாய் அதற்கு முந்திய தையில்தான் காலமானார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. பஞ்சாங்கத்தை மூடி என் கையில் தந்துவிட்டுப் பூரணம் வெளியே போய் வண்டியில் ஏறினார். கனகலிங்கம் பின்னால் போனார். வண்டி போனபின் அட்டையைக் கழற்றினேன். இனிக் கழற்றி என்ன பயன் என்று தோன்றியது. திரும்ப மாட்டினேன்.

நடந்த கதையைக் கனகலிங்கமே பின்பு எனக்குச் சொன்னார். சனிக்கிழமைகளில் வாசிகசாலைக்கு வந்து பத்திரிகை பார்க்கும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. வீட்டில் இருக்க முடியாததால் வந்தார் என்று நினைக்கிறேன். ஒரே நாளில் சொல்லவில்லை. பல சனிக்கிழமைகள் ஆயின.

அவர் சுரங்கத்தில் ரைம் கீப்பர். கீழே இறங்கும் ஒவ்வொருவனும் தன் எண் பொறித்த பித்தளைத் தகட்டைக் கொளுக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். கொளுக்கி வெறுமையாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அதைப் பார்ப்பதுதான் அவர் வேலை. 1919இல் லீவில் வந்து பூரணத்தை மணம் முடித்து, மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். பூரணம் ஒவ்வொரு கடிதத்திலும் தன்னையும் கூப்பிடும்படி எழுதினார். 1923இல் கனகலிங்கம் மைத்துனன் அருட்பிரகாசத்தை அழைப்பித்தார். கந்தோரில் எழுத்து வேலை என்று சொல்லித்தான் அழைப்பித்தது. வந்து பார்த்தால் கந்தோரில் இடமில்லை. சுரங்கத்துக்குள் சாமான் கொடுத்து வாங்கும் வேலை இருந்தது. இரண்டு மாதம் பொறு என்றார். அந்த இரண்டு மாதம் ஒரு வருடத்தைத் தாண்டியது.

"'அத்தான், கீழை மூச்சு முட்டுது, மேலை ஒரு இடம் பாருங்கோ' எண்டு கேட்பான். கோவமாய் இல்லை. சிரிச்சுக்கொண்டுதான் கேட்பான்."

1924 ஆவணியில் கந்தோரில் ஓர் இடம் காலியானது. துரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதே நேரத்தில் கனகலிங்கம் தனக்கு ஒரு கொம்பனி குவாட்டேர்ஸ் வீடு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார், பூரணத்தைக் கூப்பிடுவதற்காக. இரண்டு உதவியை ஒரே துரையிடம் ஒரே மாதத்தில் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. முதலில் வீடு கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டார். வீடு கிடைத்தது. கந்தோர் இடம் வேறொருவனுக்குப் போனது. அடுத்த இடம் உனக்குத்தான் என்று பிரகாசத்துக்குச் சொன்னார். வீட்டுச் சாவி கைக்கு வந்து மூன்றாம் கிழமையில் கூரை சரிந்தது.

"அண்டைக்கு எட்டுக் கொளுக்கி வெறுமையாய்க் கிடந்தது, மாஸ்டர். ஆக்களுக்கு நான்தான் எண்ணைப் பார்த்துப் பேர் சொன்னனான். ஏழு பேரைச் சொன்னன். எட்டாவதை வேறை ஒருத்தன் சொன்னான்."

இரண்டாம் நாள் உடலை எடுத்தார்கள். ஆற்றங்கரையில் அவரே கொள்ளி வைத்தார். வீட்டுக்கு எழுத வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் பேனாவை எடுத்தார்; எழுத முடியவில்லை. ஒன்பது நாள் கழித்து எழுதியபோது, காய்ச்சல் என்று எழுதினார். தாமதத்துக்கு அந்த ஒன்பது நாளையும் காய்ச்சலின் கணக்கில் போட்டுவிட்டார். திதி என்ற ஒன்று இருப்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தபோது முதல் திவசம் முடிந்திருந்தது. பிறகு எப்படிச் சொல்வது?

பொய் அத்தோடு நிற்கவில்லை. இணுவில் பக்கம் லீவில் போன ஒன்றிரண்டு பேரை வீட்டில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பூரணம் மலாயாவுக்கு வந்தால், அங்குள்ள எவர் வாயிலிருந்தும் உண்மை வந்துவிடும். ஆகவே, இது காய்ச்சல் பிடிக்கிற இடம், வரவேண்டாம் என்று எழுதினார். வீட்டைத் திருப்பிக் கொடுத்தார். நடுவில் ஒருமுறை லீவில் வந்து போனதைத் தவிர, 1932 வரை அவர் அங்கே, பூரணம் இங்கே. பிள்ளைகள் இல்லை. ஊரில் கதைத்த கதைகளைப் பூரணம் தனியாகத்தான் கேட்டார்.

"அவளுக்கு நோகக் கூடாதெண்டுதான் மறைச்சனான் எண்டு கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தன்" என்று ஒருநாள் சொன்னார். "அது பிழை. அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிப்போகும் எண்ட பயம்தான்."

பார்வை மாறித்தான் போனது. பூரணம் சண்டை பிடிக்கவில்லை. சமைத்தார், பரிமாறினார். ஒருநாள் மட்டும், "நான் வரவேணும் வரவேணும் எண்டு எழுதினதாலைதானே நீங்கள் அவன்ரை வேலைக்கு முதல் வீட்டைக் கேட்டனீங்கள்?" என்று கேட்டாராம். இல்லை என்று அவர் எவ்வளவோ சொன்னார். பதின்மூன்று வருடம் பொய் சொன்னவர் சொல்லும் இல்லை என்ற சொல்லைப் பூரணம் எப்படி நம்புவார்?

அந்த வருடம் ஐப்பசியில் தேய்பிறைத் தசமியன்று கீரிமலையில் திவசம் செய்தார்கள். என்னையும் ஆழ்வாப்பிள்ளையையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பூரணம் ஆழ்வாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணை, கடைசி நாட்களிலை அவன் எப்பிடி இருந்தவன்?"

இவர்களுக்குள் நடந்தது ஒன்றும் ஆழ்வாப்பிள்ளைக்குத் தெரியாது. "சந்தோசமாய்த்தான் இருந்தவன், தங்கச்சி. அக்கா வரப்போறா எண்டு லீவு நாள் முழுக்க அந்தக் குவாட்டேர்சுக்கு வெள்ளை அடிச்சவன். எங்களையும் பிடிச்சு இழுத்தவன். அடுக்களைப் பக்கம் கொஞ்சம் மிச்சம் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவன்."

கனகலிங்கம் எழுந்து கிணற்றடிக்குப் போனார். கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. பூரணமும் கூப்பிடவில்லை.

1942இல் மலாயா யப்பானியர் கைக்குப் போனது. சுரங்கத்திலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. வாசிகசாலைக் கூடத்தை அரிசி வைக்கக் கேட்டார்கள். நூதனசாலைப் பொருட்களைப் பெட்டிகளில் கட்டினோம். கனகலிங்கம் வந்து உதவினார். அதற்குள் நன்றாக மெலிந்துபோயிருந்தார். அடுத்த மார்கழியில் நெஞ்சுநோவில் இறந்தார். பூரணம் கடைசிவரை பக்கத்தில் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியபின், 1947இல், ஐம்பதை நெருங்கும் வயதில், அயலில் ஒரு குடும்பம் கோலாலம்பூருக்குப் போனபோது பூரணமும் அவர்களோடு போனார். ஊரே அதிசயப்பட்டது. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்ததும் வாசிகசாலைக்கு வந்து என்னைப் பார்த்தார்.

"ஆத்தங்கரையைப் பார்த்தன் மாஸ்டர். அந்த வீட்டையும் காட்டிச்சினம். இப்ப ஒரு சீனக் குடும்பம் இருக்கு. நல்ல சனம், இருத்தித் தேத்தண்ணி தந்தவை."

 வெளியே சந்தைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"திரும்பி வரேக்கை கப்பலிலை நினைச்சன். அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேணும். எங்கை நிண்டு கொள்ளி வைச்சவர் எண்டு அவருக்கெல்லோ தெரியும். யுத்தத்துக்கு முந்தி ரெண்டு தரம் கேட்டவர், 'ஒருக்கால் போய்ப் பார்த்திட்டு வருவமோ பூரணம்' எண்டு. உங்களோடை நான் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, வெயிலுக்குள் இறங்கிப் போனார்.