மருதாணி வைத்த நகங்கள்

பாகலூரில் கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் நான் மூச்சு வாங்கி வழியில் நிற்க ஆரம்பித்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று நடந்தவள். "யாருக்கும்மா காத்துக்கினு நிக்கற?" என்று என் கணவரின் அக்கா முனியம்மா அண்ணி கேலி செய்தார். நானும் சிரித்தேன். சிரிக்கக்கூட மூச்சு போதவில்லை.

பிறகு கால் வீங்கியது. மல்லாந்து படுத்தால் யாரோ மார்மேல் உட்கார்ந்ததுபோல் இருக்கும். சுவரில் சாய்ந்தபடியே தூங்கினேன். நகங்கள் நாவற்பழம் தின்றதுபோல் நீலம் பாரித்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி அது. ஓசூர், கிருஷ்ணகிரி சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், லாரியின் முன்சீட்டிலேயே என்னை உட்காரவைத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டார். வந்திருந்தது. அந்தக் காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. நோயின் பெயர் மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் வால்வு சுருங்கி, ரத்தம் பின்னுக்குத் தேங்குவது). துடிக்கிற இதயத்துக்குள் விரலை விட்டு அந்த வால்வைத் திறப்பார்களாம்.

"தூங்க வெச்சுத்தானே செய்வீங்க?" என்று என் கணவர் கேட்டார். ஆமாம் என்றார் டாக்டர். "எழுந்துக்குவாளா?"

டாக்டர் என் வீங்கிய காலை விரலால் அழுத்திப் பார்த்தார். "இப்ப இருக்கிற நிலையில மயக்கம் கொடுத்தா ஆபத்து. முதல்ல உடம்புல தேங்கின நீரை இறக்கணும்" என்றார்.

ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். டிஜிடாலிஸ் (இதயத் துடிப்புக்கு வலுவும் நிதானமும் தரும் மருந்து) கொடுத்தார்கள். சாப்பாட்டில் உப்பே கிடையாது. துணைக்கு இருந்த அண்ணி, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க" என்று திட்டிக்கொண்டே அதையேதான் அவரும் சாப்பிட்டார். அவர் நாக்கு வீட்டில் ஊறுகாய் ஜாடியை விட்டு நகராத நாக்கு. எனக்காக அதைக் கட்டிப்போட்டார்.

வீக்கம் வடிந்ததும் மயக்க மருந்து டாக்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த பெண்மணி. "உங்களைப் படுக்க வைக்க மாட்டேன். சாஞ்சு உட்கார்ந்த மாதிரியே தூங்கலாம். முடியிற வரைக்கும் தலைமாட்டுல நான்தான் இருப்பேன்" என்றார். அதன்பிறகு எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

அறுவைக்கு முந்தின சாயங்காலம் அண்ணி ஆமணக்கு இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். ஊரிலிருந்து வந்த ஆளிடம் சொல்லி அரைத்துக் கொண்டுவரச் செய்த மருதாணி. எங்கள் வீட்டில் பிரசவத்துக்குப் போகிறவளைக்கூட வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். பத்து விரலுக்கும் தொப்பி போட்டுவிட்டார். கால் விரலுக்கு வந்தபோது கூச்சம் தாங்காமல் இழுத்துக்கொண்டேன்.

"இந்த நீலத்தைப் பாத்தா எனக்கு மனசு பொறுக்கல கண்ணு. செவப்பா இருந்தா மனசுக்குத் தெம்பா இருக்கும்" என்றார்.

காலையில் மயக்க மருந்து டாக்டர் என் கையை எடுத்தவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "யார் வெச்சது?"

அண்ணி பெருமையாக முன்னே வந்தார்.

டாக்டர் கோபப்படவில்லை. ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் நகம் நீலமாகும், மயக்கத்தில் பேச முடியாதவளுக்காக நகம்தான் பேசும் என்று விளக்கினார். இன்று பிராணவாயுவை அளக்க விரலில் மாட்டும் கருவி அன்று எங்களுக்குக் கிடையாது. எந்த நீலத்தைப் பார்க்கச் சகிக்காமல் அண்ணி மூடினாரோ, அதைத்தான் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

அண்ணி எலுமிச்சம்பழமும் சோப்பும் போட்டு என் விரல்களைத் தேய்த்தார். நல்ல மருதாணி, பிடித்தால் விடுமா? "நகம் வளர்ந்து போற வரைக்கும் தள்ளி வெக்கலாமாம்மா?" என்றார். "அதுவரைக்கும் இவங்க இதயம் தாங்காது" என்றார் டாக்டர்.

டாக்டர் என் காது மடலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கம்மலைக் கழட்டுங்க. காலைத் துணி மூடிடும். உதட்டையும் காது மடலையும் பாத்துக்கறேன்" என்றார். அண்ணி கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

கையில் ஒரு ஊசி. ஈதர் (முகர்ந்தால் மயக்கம் தரும் மருந்து) வாசனை. காது மடலில் யாரோ மெல்லத் தொட்டது. அவ்வளவுதான் தெரியும்.

விழித்தபோது இடப்பக்கம் தீயாய் எரிந்தது. விலாவிலிருந்து ஒரு குழாய் கட்டிலுக்குக் கீழே பாட்டிலுக்குப் போயிற்று. தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமச் சொன்னாள் நர்ஸ். அவளை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நெஞ்சில் அறுவை நடந்தால் உங்களுக்கும் சொல்வார்கள், திட்டிக்கொண்டே இருமிவிடுங்கள், சளி கட்டாது. உள்ளே வந்த அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காதைத்தான் பார்த்தார்.

வீடு திரும்பி மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு. மார்மேல் யாரும் இல்லை. சந்தோஷத்தில் அழுதேன்.

மற்றவர்கள் காலண்டரைப் பார்த்தார்கள். நான் நகத்தைப் பார்த்தேன். அடியில் வெறும் நகம் ஒரு கோடாகக் கிளம்பி, மருதாணியை நுனிக்குத் தள்ளிக்கொண்டே போயிற்று. அந்தக் கோடு இளஞ்சிவப்பாக இருந்தது. என் ரத்தத்தின் நிறம். தினமும் காலையில் காப்பியோடு வந்து அண்ணி என் கையைத் திருப்பிப் பார்ப்பார். கடைசிச் சிவப்பை வெட்டி எறிந்த அன்று நான் கிணற்றுக்குப் போய் ஒரே மூச்சில் குடத்தோடு திரும்பினேன்.

அந்தத் தீபாவளிக்கு அண்ணி வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் மருதாணி அரைத்தார். நானும் கையை நீட்டினேன். உள்ளங்கையில் வட்டமாக ஒன்று வைத்துவிட்டு, கிண்ணத்தை நகர்த்திக்கொண்டார்.

"விரலுக்கு?" என்றேன்.

"நகம் எனக்கு வேணும்" என்றார்.