இருவர் சாப்பிட வேண்டிய மாத்திரை

தறியின் மிதியை அழுத்தும்போதுதான் அந்த வலியை முதலில் கவனித்தேன். குழித்தறியில் உட்கார்ந்தால் கால்கள் பள்ளத்துக்குள் இருக்கும். வலது காலை அழுத்தும்போதெல்லாம் அடிவயிற்றில் சுருக்கென்றது. வெள்ளைப்படுதலும் அதிகமாக இருந்தது. அதில் நாற்றம் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் மாமனார், மற்றதில் நான். மாமியார் நூல் சுற்றித் தருவார். என் கணவர் சேலைகளை எடுத்துக்கொண்டு வெளியூர்க் கடைகளுக்குப் போய், வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குவார். முகூர்த்த மாதங்களில் என் தறி ஒரு நாள் நின்றாலும் எல்லோர் முகமும் மாறிவிடும். அந்த வீட்டில் வலி என்று சொல்லி எப்படித் தறியை விட்டு எழுந்து போவது?

"உடம்பு சூடும்மா. தறியிலயே உக்காந்துகினு இருக்க இல்ல? வெந்தயம் ஊற வெச்சிக் குடி," என்றார் மாமியார்.

குடித்தேன். மாதங்கள் போயின. "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று தெருவில் கேட்கத் தொடங்கிய பிறகுதான் மாமியார் என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வலிக்காக யாரும் அனுப்பவில்லை. பிள்ளைக்காக அனுப்பினார்கள்.

கண்ணமங்கலம் தாண்டியும் பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பரிசோதித்தார்.

"இது உடலுறவுல வர்ற தொற்றும்மா. வீட்டுக்காரர்கிட்டருந்து வந்திருக்கலாம். ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிடணும். முடியற வரைக்கும் சேரக் கூடாது."

"எனக்கு வேற யாரோடயும்..."

"உங்களைத் தப்பா சொல்லல. கல்யாணத்துக்கு முன்னாடிகூட அவருக்கு வந்திருக்கலாம். ஆம்பளைங்களுக்குப் பல சமயம் வெளிய ஒண்ணும் தெரியாது. அவரைக் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்ததும் மாமியார், "இன்னா சொன்னாங்க?" என்றார்.

"மாத்திரை குடுத்துகீறாங்க," என்று மட்டும் சொன்னேன்.

கணவர் ஊர் திரும்பியதும் அவரிடம் முழுவதும் சொன்னேன். "எனக்கு இன்னா கேடு? நல்லாத்தான கீறேன். நோவு உனக்கு, நீ சாப்புடு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடைக்காரங்க காதுக்குப் போச்சுன்னா பேஜாராய்டும்," என்றார்.

நான் மட்டும் சாப்பிட்டேன். வலி குறைந்தது. அவர் அருகே வந்தபோது மறுக்கவில்லை. டாக்டரம்மா சேரக் கூடாது என்றிருந்தார், ஆனால் புருஷனை எப்படி மறுப்பது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தொற்று திரும்பி வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி வலி.

அதற்கடுத்த முறை காய்ச்சலோடு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். பி.ஐ.டி. (கருப்பையையும் கருக்குழாய்களையும் தாக்கும் அழற்சி) என்றார்கள். தேறிய பிறகு எச்.எஸ்.ஜி. (கருப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மருந்து இரு பக்கமும் கருப்பையின் மூலையோடு நின்றுவிட்டிருந்தது. இரண்டு குழாய்களும் அடைத்துவிட்டன. எனக்கு அழுகை வரவில்லை. எங்காவது படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் பாயைக் கூடத்தில், மாமியார் பாய்க்குப் பக்கத்தில் போட்டேன். சில நாள் பொறுத்துவிட்டு ஒரு காலையில் மாமியார் கேட்டார்.

"புருஷன் வந்துகீறான், நீ இங்க வந்து படுத்துகினு இருக்கிற. இன்னாடி இது?"

"அவரு மாத்திரை சாப்புட்ற வரிக்கும் இங்கதான் அத்தை."

"அவனுக்கு எதுக்கு மாத்திரை?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். கணவர் வாசலருகே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நெஜமாடா?" என்றார் மாமியார். கணவர் அடுத்த பொத்தானைப் போட்டார். "இவளுக்குத்தான் கோளாறுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு வந்தேனேடா!"

அன்று ஒவ்வொரு வேளையும் மாமியார் மகனுக்குச் சாதத்தைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வாரமே கணவர் என்னோடு வேலூருக்கு வந்தார். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தார். ஆனால் வந்தார், மாத்திரையும் சாப்பிட்டார்.

தொற்று போய்விட்டது. குழாய்கள் திறக்கவில்லை. இதை வாசிப்பவர்களில் யாருக்காவது டாக்டர் 'இருவருக்கும்' என்று சொல்லியிருந்தால், நீங்கள் மட்டும் சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்த மாதங்களில்தான் எல்லாம் நடந்தது.

முன்பெல்லாம் மாதவிலக்கு வந்தால் அந்த மாதம் தோற்றுவிட்டதாக நினைப்பேன். இப்போது அது வருகிறது, போகிறது. மாதங்களை நான் எதற்காகவும் எண்ணுவதில்லை. கணவர் மேலிருந்த கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால் தெரியவில்லை. இப்போதெல்லாம் என்னைத் தொடுவதற்கு முன் கேட்கிறார். சில நாள் சரி என்கிறேன். வேண்டாம் என்று சொல்லும் நாளில் அவர் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுகிறார். நானும் தூங்கிவிடுகிறேன்.