கொள்ளுத்தாத்தாவுக்குப் பிடித்த நண்டு

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையைத் தாண்டும்போது நண்டுக் கறி வாசனை வந்தது. எனக்கு உடனே கொள்ளுத்தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. இத்தனைக்கும் நான் அவரைப் பார்த்தது கிடையாது. கிள்ளானில் காய்கறித் தோட்டம் போட்டிருந்தவர். என் பெரியப்பா பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு அவருக்கும் நண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எல்லாம் பெரியப்பா செய்த வேலை.

தீபாவளிக்கு முதல் நாள் கிள்ளானில் பெரியப்பா வீட்டில்தான் எங்கள் முன்னோர்களுக்குப் படையல். உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அதைத்தானே வைக்க வேண்டும்? கொள்ளுத்தாத்தாவுக்கு எது பிடிக்கும் என்பது பெரியப்பாவுக்கு மட்டுமே தெரியும். "நண்டுன்னா தாத்தாவுக்கு உயிரு. ஸ்டவுட் பீர் இல்லாம சாப்பிட உக்கார மாட்டாரு," என்பார். அடுத்த வருஷம் ஆட்டுக்கறி வறுவல் சேரும். அதற்கடுத்த வருஷம் குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே. தாத்தாவின் நாக்கு வருஷா வருஷம் நீண்டுகொண்டே போனது. மற்ற நாளில் பெரியம்மா வீட்டுக்குள் பாட்டிலை விடமாட்டார். தாத்தா பேரைச் சொன்னால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அந்த ஒரு நாள்தான் விடுதலை. கற்பூரம் அணைவதற்குள் பூச்சோங்கில் இருக்கும் சித்தப்பா கையில் கிளாஸ் இருக்கும்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் எனக்குப் பொழுது போகவில்லை. வம்சாவளி தேடுகிறேன் என்று கோலாலம்பூரில் ஆவணக் காப்பகத்துக்குக் கிளம்பினேன். கொள்ளுத்தாத்தா பெரிய மிராசுதார் என்று எங்காவது எழுதியிருக்கும் என்று ஒரு நப்பாசை. முதலில் கிடைத்தது காய்கறி பயிரிட அவருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு. துண்டு நிலம்; வெண்டை, கத்தரி. மிராசுக் கனவு அங்கேயே வாடிவிட்டது. அடுத்து, அதே பெயர், அதே அப்பா பெயர், அதே நிலத்தைச் சொல்லி ஒரு மனு. தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கள்ளுக்கடையை எடுக்க வேண்டுமாம். கருவாடு காயப்போடுகிறவர்களைத் தள்ளிப் போகச் சொல்ல வேண்டுமாம். தான் பிறந்ததிலிருந்து மாமிசம் தொடாதவர், வாடையில் சோறு இறங்கவில்லை என்று யாரையோ விட்டு எழுதச் சொல்லி, கீழே கட்டைவிரல் ரேகை வைத்திருக்கிறார். கோபத்தில் அழுத்திய அழுத்தில் மை அப்பிக் கிடந்தது. முதன்முதலாக அவர் நிஜ மனிதராகத் தெரிந்தார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். படையலன்று பிரதி எடுத்துப் போய் எல்லார் முன்னிலும் படித்தேன்.

பெரியம்மா கரண்டியைக் கீழே போட்டார். "ஐயையோ! சுத்தமான மனுஷனுக்கா இத்தன வருஷமா நண்டு வெச்சோம்? அதான் அன்னிக்கு நீங்க காரோட லோரில போய் இடிச்சீங்க!"

பெரியப்பா அசரவில்லை. "அது அப்போ லா. மேல போயி எத்தன வருஷம் ஆச்சு, மனுஷன் மாறியிருக்க மாட்டாரா?"

பெரியம்மாவிடம் அது எடுபடவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லாமல் விடுகிறேன்.

அடுத்த வருஷம் சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல், பாயசம். எல்லாரும் வந்தார்கள், பாயசம் ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். அதற்கடுத்த வருஷம் சித்தப்பாவிடமிருந்து போன்: "செம ஜாம்டா, கார் நகரவே இல்ல." செமினியில் இருக்கும் தம்பி, "நாளைக்குக் காலைல வரேண்ணே," என்றான். வரவில்லை.

போன தீபாவளிக்குப் பெரியப்பா, பெரியம்மா, நான். கற்பூரம் ஏற்றச் சொன்னால் பெரியப்பா வாசல் கேட்டையே பார்க்கிறார். "இரு லா, கார் சத்தம் கேக்குது." பக்கத்து வீட்டுக் கார். கொள்ளுத்தாத்தா அன்று வயிறாரச் சாப்பிட்டிருப்பார், அதில் சந்தேகமில்லை. நான்தான் பாதிச் சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். முன்பெல்லாம் அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசல் குவியலில் என் செருப்பைத் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சித்தப்பாவுடையது ஒன்று, என்னுடையது ஒன்று என்று மாட்டிக்கொண்டு வீடு வந்ததும் உண்டு. அன்று என் செருப்பு விட்ட இடத்திலேயே ஜோடியாக இருந்தது.