சாணித் திருடி

ஆராயியை முதன்முதலில் திருடி என்று கூப்பிட்டவர் ஆதிமூலம். வேற்று ஆள் இல்லை, அவள் புருஷனுக்குத் தாய்மாமன். எண்பத்தொன்றாம் வருஷம் தை மாதம், ஏரிக்கரைப் பாதையில், நாலு பேர் பார்க்கக் கூப்பிட்டார். அவள் கூடையில் இருந்தது அவருடைய எருமை வழியில் போட்டுவிட்டுப் போன சாணி.

"இந்தா ஆராயி, கூடய எறக்கு. யாரக் கேட்டு வார்ற?"

"இன்னா மாமா, புச்சா கேக்கறீங்க? பத்து வருசமா யாரக் கேட்டு வார்னேன்?"

"அப்ப அது சாணி. இப்ப அது கேஸு. எடுத்தா திருட்டுதான். திருடி!"

கூடையை அவரே பிடுங்கித் தன் ஆளிடம் கொடுத்தார். 

அவள் ஊர் ஏரிக்கொல்லை, திருவண்ணாமலையிலிருந்து செங்கம் ரோட்டில் நாலு மைல். கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து புருஷன் செத்தபோது மகள் பொன்னி கைக்குழந்தை. நிலமும் இல்லை, மாடும் இல்லை. காலையில் மாடுகள் மேய்ச்சலுக்குப் போகும் வழியில் பின்னாலேயே போய்ச் சாணி பொறுக்குவாள். வரட்டி தட்டிப் பாறையில் காயவைப்பாள். பாதி தன் அடுப்புக்கு, பாதி ரமணாசிரமத்துக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்த ஜோதியம்மாளுக்கு. பத்து வருஷம் தாயும் மகளும் கஞ்சி குடித்தது அப்படித்தான். அந்தப் பத்து வருஷத்தில் யாரும் அவளைத் தடுத்ததில்லை. வழியைச் சுத்தம் செய்கிறாள் என்று சொன்னவர்கள்கூட உண்டு.

அவர் திருடி என்று கூப்பிட்டதற்கு முந்தின வருஷம் ஊருக்கு ஒரு ஆராய்ச்சித் திட்டம் வந்தது. ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகமும் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நடத்தின. ஆதிமூலத்தின் நிலத்து மூலையில் வெயிலில் ஓடும் தண்ணீர் பம்பு ஒன்று, அதன் பக்கத்தில் ஊருக்கே பொதுவான பெரிய சாணி கேஸ் கலன். இரண்டு நாட்டுக் கொடியையும் வரைந்து போர்டு வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த சக்கரபாணி கையில் காகிதக் கட்டோடு வீடு வீடாகப் போனான். ஆராயி வீட்டு வாசலில் நின்று கேட்டது ஒரே கேள்வி.

"மாடு எத்தனைம்மா?"

"மாடு இல்ல சார்."

காகிதத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். அந்த மாதிரிக் கோடு விழுந்த வீடுகள் ஊரில் பதினொன்று. மாடு உள்ளவர்கள் தினமும் சாணி கொடுக்க வேண்டும், அவர்கள் வீட்டுக்குக் குழாய் வரும், இதுதான் ஏற்பாடு. மாட்டுக்காரர்கள் கூடி, ரோட்டில் விழுந்த சாணியும் தங்களுடையதே என்று பேசி முடித்தார்கள்.

இதில் ஒரு கொடுமை. மாட்டுக் கொட்டகைகளைக் கூட்டியது அந்தப் பதினோரு வீட்டுப் பெண்கள்தான். சாணியைச் சுமந்துபோய்த் தொட்டியில் கொட்டி, பம்புத் தண்ணீர் விட்டுக் கையால் கரைத்ததும் அவர்கள்தான். ஆராயி காலையில் முழங்கை வரைக்கும் சாணியில் நின்றாள். மத்தியானம் அடுப்புக்கு வேலிக்காத்தான் முள் வெட்டப் போனாள். ஆதிமூலம் வீட்டில் நீல நிறத்தில் நெருப்பு எரிந்தது. அவள் வீட்டில் பொன்னி புகையில் இருமினாள்.

மாசியில் ஆராய்ச்சிக்காக ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். இங்க்ரிட் என்று பேர். கலனின் மேலே கவிழ்த்திருந்த இரும்பு டிரம் கேஸ் நிறைய நிறைய மேலே எழும்பும். அதில் போட்டிருந்த கோடுகளைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். இவளிடம் சொன்னால் நியாயம் கிடைக்கும் என்று ஆராயி நினைத்தாள். தொட்டியருகே வழி மறித்து, திருடி என்று சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். பக்கத்தில் நின்ற சக்கரபாணி இங்கிலீஷில் இரண்டே வாக்கியம் பேசினான். இங்க்ரிட் முகம் மலர்ந்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள்.

ஆராயிக்குப் புரிந்துவிட்டது. திட்டுகிறவளைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா?

"இன்னா சார் சொன்ன? நான் சொன்னத எங்க போட்டு முழுங்குன?"

"எல்லாம் சொல்லிட்டேம்மா. போய் வேலையப் பாரு."

மறுநாள் காலையில் அவள் நேரே ஜோதியம்மாள் கடைக்குப் போனாள். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு இட்லி விற்றே ஜோதியம்மாள் இங்கிலீஷ் பழகியிருந்தாள்.

"யக்கா, கடய மூடு. எங்கூட வா."

"வியாபாரத்த வுட்டுட்டா?"

"ஒரு பொழுதுக்கா. என் வாயால சொன்னா சிரிக்கறா. நீ வந்து சொல்லு."

ஜோதியம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இங்க்ரிட் முன்னால் நின்றாள். "நோ கவ், நோ கேஸ்! பிஃபோர், ரோட் சாணி ஃப்ரீ. நவ், திஸ் லேடி தீஃப்! ஹூ மிக்ஸிங் சாணி? திஸ் லேடி!" என்று ஆராயியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். சக்கரபாணி நடுவே பேசப் பார்த்தான். இங்க்ரிட் அவனை நிறுத்தினாள். அவள் முகம் சிவந்துபோயிற்று. தரையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பொறுக்குவாய், எத்தனை வரட்டி வரும் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். ஆராயி கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

"இன்னாக்கா, எடய கேக்கறா? நான் எடயா சொல்ல வந்தேன்?"

"தப்பு நடந்துபோச்சுனு சொல்றாங்கடி. ஆனா மாத்தற அதிகாரம் இவங்களுக்கு இல்லியாம். எழுதி அவங்க ஊருக்கு அனுப்பறாங்களாம்."

"சாணி இங்க கீது. நாயம் அங்க போய்ட்டுத் திரும்பி வரணுமா?"

அன்று சாயங்காலமே ஆராயி மற்ற பத்து வீட்டுக்கும் போனாள். மறுநாள் ஒரு பெண்ணும் கொட்டகைக்குப் போகவில்லை. மாட்டுக்காரர் வீட்டுப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் கூட்டினார்கள். தொட்டிவரை சுமக்க யாரும் தயாரில்லை. பம்பில் தண்ணீர் வந்தது, கரைக்க ஆள் இல்லை. நாலாம் நாள் டிரம் தரையோடு தரையாக இறங்கிவிட்டது. ஆதிமூலம் வீட்டு அடுப்பு அணைந்தது. இங்க்ரிட்டின் நோட்டில் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

சக்கரபாணி ஆராயி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஏம்மா, நாலு நாள் ரீடிங் போச்சு. இப்படியே விட்டா மொத்த ஆராய்ச்சியும் பாழாயிடும். வரச் சொல்லும்மா எல்லாரையும்."

"இன்னைக்கு மட்டும் எங்க வூடு கண்ணுக்குத் தெரியுதா சார்?"

கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். ரோட்டில் விழுந்த சாணி பொறுக்குகிறவர்களுக்கு. பதினோரு வீட்டுக்கும் பொதுவாகச் சமையல் கொட்டகை போட்டு இரண்டு கேஸ் அடுப்பு. கொட்டகைச் செலவைத் தன் ஆராய்ச்சிப் பணத்திலிருந்து தருவதாக இங்க்ரிட் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆதிமூலம் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். போகிறவரை ஆராயி சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"மாமா, திருடின்னு சொன்னீங்களே, அதுக்கு இன்னா சொல்றீங்க?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

முதலில் பொது அடுப்பில் கேஸ் போதாமல் நெருப்பு நுனியில் மட்டும் நின்றது. மாட்டுக்காரர்கள் சமைத்து முடித்த பிறகுதான் குழாயைத் திறந்துவிட்டார்கள். அதற்கும் ஒரு மாதம் சண்டை போட்டாள். நேரம் பிரித்துக் கொடுத்த பிறகு, கண் எரியாமல், ஊதாமல் சோறு பொங்கியது. பொன்னியின் இருமல் நின்றது. அந்த நீல நெருப்பு ஆராயிக்குப் பிடித்துப்போயிற்று. அதைச் சொல்லவும் அவளுக்குக் கோபமாக வந்தது.

எண்பத்து நாலில் திட்டம் முடிந்தது. இங்க்ரிட் எப்போதோ போய்விட்டாள். போர்டைக் கழற்றினார்கள். மழைக்காலத்தில் டிரம்மில் துரு ஏறி, விளிம்பில் ஓட்டை விழுந்தது. சாமான்களை ஏற்றிக்கொண்டு போக வந்த சக்கரபாணியிடம் ஆராயி ஓடினாள்.

"ஓட்ட அடச்சிக் குடுத்துட்டுப் போங்க சார்."

"ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சும்மா. ரிப்போர்ட் குடுத்தாச்சு."

"உங்க ஆராய்ச்சி முடிஞ்சா எங்க அடுப்பு அணையணுமா? வேணாம்னு சொன்னப்ப கொண்டாந்து நட்டீங்க. வேணும்னு சொல்றப்ப புடுங்கறீங்களா?"

அவன் ஜீப்பில் ஏறிவிட்டான். பதினோரு பெண்களும் சேர்ந்து டவுனிலிருந்து வெல்டிங் ஆளைக் கூட்டிவந்து ஒட்டுப் போட்டார்கள். மாட்டுக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் வீட்டில் ஸ்டவ் வாங்கியாகிவிட்டது. ஒட்டு எட்டு மாதம் நின்றது. பிறகு டிரம்மின் பக்கவாட்டே பொரிந்து கொட்டியது. இரும்புக்கடை வண்டியைக் கூட்டிவந்து, தன் நிலத்தில் கிடப்பது தன்னுடையது என்று ஆதிமூலம் டிரம்மை எடைக்குப் போட்டார்.

வண்டி கிளம்பும்போது ஆராயி சாணிக் கையோடு வந்து குறுக்கே நின்றாள்.

"செத்துப்போன டிரம்முக்கு இன்னாத்துக்குடி சண்டை?" என்றார் ஆதிமூலம்.

"ஊர்ச் சொத்த எடைக்குப் போடறியே, இப்ப யாருய்யா திருடன்?"

மாமா என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. வண்டிக்காரன் அவளைச் சுற்றிக்கொண்டு ஓட்டிப் போனான். ஆராயி ஏரியில் இறங்கிக் கையைக் கழுவிவிட்டு, காய்ந்த வரட்டியைக் கூடையில் அடுக்கத் தொடங்கினாள். மறுநாள் ஜோதியம்மாள் கடைக்குப் போகவேண்டிய நாள்.