சூசை தண்டலும் நான் தைக்காத வரியும்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து பாதி டூட்டியில் திரும்பி வந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்து அடுப்பு மேடைமேல் வைத்தார். "சூசை அண்ணாச்சி போயிட்டாவ பிள்ள. செம்பூர்ல இருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போறான்" என்றார்.

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சிலுவை போட்டுக்கொண்டேன். முதலில் வந்தது துக்கம்கூட இல்லை. இனி சொல்ல ஆள் இல்லையே என்பதுதான். அவரிடம் சொல்லாமல் விட்டதை இதில் எழுதுகிறேன். முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் கையில் இது கிடைக்க வேண்டும் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் அவரைப் பற்றி. தண்டல் என்றால் பாய்க்கப்பலை நடத்துகிறவர். என் வீட்டுக்காரரின் ஊர்க்காரர். மழைக்காலம் முடிந்ததும் ஒரு சேட்டின் கப்பலில் ஓடு ஏற்றிக்கொண்டு மொம்பாசாவுக்குப் போவார்; அடுத்த மழைக்கு முன் திரும்பிவிடுவார். மழை மாதங்களில் தாராவியில் எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி கோலி என்கிற ஒற்றை அறையில் இருந்து, கப்பலின் கித்தான் பாய்களைப் பழுது பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் டீக்கு நாலு கரண்டி சீனி கேட்பார். "கடல்ல உப்பு போதும் போதும்னு ஆயிருது தாயி. கரையிலயாவது இனிச்சுக்கிடுதேன்" என்பார்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. செபப் புத்தகத்தை வைத்து நானே எழுத்துக் கூட்டினேன். பாய் தைப்பதும் அப்படித்தான். அவர் ஒதுக்கிப் போட்ட ஒரு கிழிந்த பாயைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துக் கற்றேன். நான் தைத்த முதல் துண்டை அவர் இரண்டு முழங்காலிலும் மாட்டி இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. "இனிமே இந்த வீட்டுக்குத்தான் கித்தான் வரும்" என்றார். ஒரே ஒரு விதிதான் சொன்னார். "ஒவ்வொரு இணைப்புக்கும் ரெண்டு வரித் தையல். ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு கரை சேக்கும்."

முழத்துக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லித் தைப்பேன். வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டிலேயே பாய்க்கும் ஒரு பக்கம் உண்டு. இணைப்புக்கு இரண்டு கோடு, வரிக்கு ஒன்று. இரண்டும் விழாமல் எந்தப் பாயும் என் வீட்டைவிட்டுப் போனதில்லை என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசியிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன், மழை முடிகிற சமயம், கப்பலின் பெரிய பாய் வந்தது. சனிக்கிழமை தந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாய் கைவண்டியில் துறைமுகத்துக்குப் போய், திங்கட்கிழமை கப்பல் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் கடைசி இணைப்பில் இரண்டாவது வரி பன்னிரண்டு முழம் பாக்கி இருந்தது. விரல் வீங்கிவிட்டது. விடிந்தால் ஆண்டவருடைய நாள். ஊசி தொட மாட்டேன். முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அவருடைய ஆட்களே தைத்திருப்பார்கள். சொல்லவில்லை. நோட்டில் இரண்டாவது கோட்டையும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வந்து ஒவ்வொரு இணைப்பாக முழங்காலில் மாட்டி இழுத்துப் பார்த்தார். கடைசி இணைப்புக்கு வந்ததும் இழுத்துப் பார்க்காமலே பாயை மடித்துவிட்டார்.

"இது செபம் சொல்லித் தச்ச கை. போதும். எல்லாம் முடிஞ்சுட்டுல்லா தாயி?"

"முடிஞ்சுட்டு அண்ணாச்சி" என்றேன். கையில் செபமாலை இருந்தது.

மே மாதம் அவர் திரும்பி வந்தார். கப்பலில் வேலை செய்யும் லாசர் தம்பியும் கூட வந்திருந்தான். அவன் வலது கையில் நடுவிலிருந்த இரண்டு விரல்கள் இல்லை.

நடந்ததை எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னார்கள். போகும்போது பதினொன்றாம் நாள் சுக்கான் கயிறு அறுந்திருக்கிறது. மாற்றியாயிற்று, அது யார் தப்பும் இல்லை. மறுநாள் காற்று ஏறியபோது பெரிய பாய் கடைசி இணைப்பில் அடியிலிருந்து உச்சிவரை பிரிந்துவிட்டது. பிரிந்த பாய் அடித்த அடியில், அதைத் தாங்குகிற குறுக்குமரம் முறிந்து விழுந்தது. ஒரு தண்ணீர்ப் பீப்பாய் உடைந்தது. லாசரின் கை அடியில் மாட்டிக்கொண்டது.

அண்ணாச்சி முதலில் லாசரின் கையைக் கட்டினார். பிறகு, முறிந்த எலும்புக்குப் பத்தை வைப்பதுபோல இரண்டு துடுப்பை வைத்துக் குறுக்குமரத்தைக் கட்டினார். பிறகு பாயைத் தைக்க உட்கார்ந்தார். கோணூசி முதல் நாளே ஒடிந்தது. குடைக் கம்பியைச் சாணைக்கல்லில் தேய்த்து ஊசி செய்தார். மெழுகு நூல் தீர்ந்ததும் தூண்டில் கயிற்றால் தைத்தார். ஆளுக்குக் காலையில் ஒரு சிரட்டை, மாலையில் ஒரு சிரட்டை தண்ணீர். அவருடைய சிரட்டை எப்போதும் கடைசி. இருபது நாள் பிந்தி, எல்லோரையும் உயிரோடு கரை சேர்த்தார்.

"வலியில நான் மாதாவையே திட்டிட்டேன் அக்கா" என்றான் லாசர். "அண்ணாச்சி என்ன சொன்னாவ தெரியுமா? 'திட்டுடே, நல்லாத் திட்டு. கைய மட்டும் கீழ தொங்கவிடாமத் திட்டு'ன்னாவ."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் என்னைக் காட்டி, "அது ரோசம்மா தச்ச பாயில்லா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"அவ தச்சது அத்தனையும் நின்னுட்டு. பிரிஞ்ச இணைப்பு நான் தச்சது."

"அண்ணாச்சிக்குக் கண்ணு மங்கிட்டுக்கா" என்றான் லாசர். "கண்ணாடி வாங்கிப் போடுங்கன்னா கேட்டாத்தானே!"

மறுபடியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

கிளம்பும்போது வாசலில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அடுத்த மட்டம் முடியலன்னா முடியலன்னு சொல்லிரு தாயி. சாமியும் கோவிக்காது, நானும் கோவிக்க மாட்டேன்."

நான் கேட்டது என்ன தெரியுமா? "டீக்குச் சீனி போதுமா இருந்துச்சா அண்ணாச்சி?"

"கொஞ்சம் குறைச்சல்தான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

தண்டலின் தையல் பிரிந்த கதை சேட்டின் காதுக்குப் போயிற்று. அடுத்த வருஷம் கப்பலை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி அதற்கப்புறம் கடலுக்குப் போகவில்லை. செம்பூரில் மகள் மரியம்மா வீட்டில் இருந்துகொண்டு ஒரு சரக்குக் கிட்டங்கிக்குக் காவல் பார்த்தார். நான் வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொண்டுபோவேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தாதரில் வண்டி மாறும்போதே செபமாலையைப் பிடித்துக்கொள்வேன். அங்கே போய் முறுக்கு மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "என்னிடம் சொன்னது சரி, அவரிடம் போய்ச் சொல்" என்றார் சாமியார். அதற்குப் பிறகும் இரண்டு கிறிஸ்துமஸ் போயிற்று.

அடக்கத்தன்று மாலை எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். லாசர் எனக்கு முன்னால் நின்றான். அவன் மண்ணை அள்ளிக் கையை நீட்டுவதற்குள், விரல் இல்லாத இடம் வழியாகப் பாதி மண் அவன் காலடியிலேயே கொட்டிவிட்டது. குனிந்து மறுபடி அள்ளினான். மறுபடியும் கொட்டியது. கடைசியில் இடது கையால் போட்டான்.

லாசர் தம்பி, அண்ணாச்சிக்குக் கண் மங்கவே இல்லை. அந்த இணைப்பு நான் தைத்தது. பூசைக்கு முன்னால் உன் வீட்டுக்கு வருகிறேன். என்ன சொல்ல வேண்டுமோ சொல். கேட்டுக்கொள்கிறேன்.

நோட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து, இரண்டாவது கோட்டை அடித்துவிட்டேன். அண்ணாச்சி, அந்தச் சனிக்கிழமை என்னால் முடியவில்லை. பன்னிரண்டு முழம் பாக்கி இருந்தது. போய் வாருங்கள்.